துரை போட்ட கதிரை

1. இரண்டு பேருக்கும் கை

மாத்தளை டவுனில் தொழிற்சங்கக் காரியாலயத்தில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னை ஒரு தோட்டத்துக்குத் தலைவர் தேர்தல் நடத்த அனுப்பிவிட்டார்கள். அறுபதுகளின் ஆரம்பம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. எஸ்.எஸ்.ஸி. பாஸ். டைப் அடிப்பேன். சிங்களம் பேசுவேன். இந்த மூன்றும் இருந்தால் உலகத்தையே நிமிர்த்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தொட்டில்களைத் தூக்கி உத்திரத்தில் கட்டிவிட்டு, கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். முதலாமவருக்குக் கை தூக்கச் சொன்னேன். எண்பத்தொரு கை. இரண்டாமவருக்கு எழுபத்தொன்பது கை. அறையில் இருந்ததே தொண்ணூறு பேர்தான்.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று திரும்ப எண்ணினேன். அதே கணக்குத்தான் வந்தது. வியர்த்து ஒழுகியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் என்மீது இரக்கப்பட்டுச் சொன்னார்:

"ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானே ஐயா. ஒருத்தருக்குத் தூக்கி ஒருத்தருக்குத் தூக்காட்டி, நாளைக்கு எப்பிடி மூஞ்சியில முழிக்கிறது?"

முடிவில்லாமல் மாத்தளைக்குத் திரும்பினேன். காரியாலயப் பொறுப்பாளர் சலீம் நானா உக்குவளைக்காரர். எதற்கும் சத்தம் போடமாட்டார்; ஆனால் அவர் மெதுவாகப் பேசினால் நமக்கு இன்னும் உறைக்கும்.

"தம்பி, நீங்க தேர்தலுக்குப் போனீங்களா, கலியாண வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார். பிறகு, "இனிமே கூட்டத்துக்கு முந்திப் போங்க. நிக்கிற ஆக்களப் பாருங்க. எவன் தகுதி எண்டு ஒரு குறிப்பு எழுதிக் கூட்டத்துல வாசிங்க. சனத்துக்கும் லேசு, ஒங்களுக்கும் லேசு" என்றார்.

இப்படித்தான் அடுத்தவனின் தகுதியை அளக்கிற வேலை என் கைக்கு வந்தது. என் தகுதியை யாரும் அளக்கவில்லை.

இன்றைய இளைஞர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்போது ஜனாதிபதித் தேர்தல் வந்தால் சலூனில், பஸ்ஸில், கோயில் வாசலில் எல்லாம் யார் தகுதி, யார் தகுதியில்லை என்றுதான் பேச்சு. அன்றைக்கு நாட்டில் ஜனாதிபதி என்று ஒருவர் இல்லை. இருந்திருந்தாலும் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் பங்கு இருந்திருக்காது. சுதந்திரம் வந்த கையோடு அவர்களுடைய பிரஜாவுரிமையும் வாக்கும் போய்விட்டன. சங்கத்தின் தோட்டக் கிளைக்குத் தலைவரைத் தெரிவு செய்வது ஒன்றுதான் அவர்கள் கை தூக்குகிற தேர்தல். அந்தத் தலைவர்தான் தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசுக்குப் போய்ப் பேசவேண்டும். ஒருவருக்கு வேலை போகிறதா, நிற்கிறதா என்பது பல நேரம் அவருடைய வாயில்தான் இருந்தது. அவர்களுக்கு அதுதான் ஜனாதிபதித் தேர்தல்.

2. துரை பரீட்சை

தகுதியை எப்படி அளப்பது? சலீம் நானா அதைச் சொல்லித்தரவில்லை. நானாக ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு அளவில்லாத பெருமை இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தலைவருக்கு வேண்டியது வாய்தான், துரையைக் கண்டு பயப்படாத வாய் என்று முடிவு செய்தேன். ஆகவே நானே துரையாக வேஷம் கட்டினேன். தேர்தலுக்கு நிற்கிறவரை, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நிறுத்திவைத்து, குடையைப் பிரம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு, துரைமார் பேசுகிற தமிழில் கத்துவேன்.

"ஏய்! பெரட்டு நேரத்துல ஆபீசுக்கு எதுக்கு வந்தே? ஒனக்கு என்னா வேணும்? போ வேலைக்கு!"

பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற நேரம். நான் கத்துகிற கத்தலில் லயத்து நாய்கள் எழுந்து ஓடும். காமன் கூத்துக்குக் கூடுகிற மாதிரி சனம் கூடிவிடும். சிலர் உண்மையாகவே நடுங்கிப்போய் "சரிங்க தொர" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு. எதிர்த்து நின்று பேசுகிறவருக்கு ஒரு சரி. ஐந்தாறு தோட்டங்களில் இப்படி நடத்தினேன். கூட்டத்தில் குறிப்பை வாசித்ததும் கைகள் ஒரே பக்கமாக உயர்ந்தன. "துரை பரீட்சை வைக்கிற ஐயா" என்று பெயரே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் அப்பாவுக்கு மாத்தளை டவுனில் வெற்றிலைக் கடை. நான் ஒரு நாளாவது ஒரு துரைக்கு முன்னால் போய் நின்றவன் இல்லை. கடைக்கு வந்தவர்கள் சொன்ன கதைகளில் வருகிற துரையைத்தான் நான் நடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துரை எப்போதும் கத்துவார்.

3. சந்தனமும் கருப்பையாவும்

உக்குவளைக்கு மேலே ரப்பரும் கொக்கோவும் கலந்த ஒரு தோட்டம் இருந்தது. பெயர் வேண்டாம், நாங்கள் கொக்கோத் தோட்டம் என்றே சொல்வோம். அங்கே பழைய தலைவர் விலகிவிட்டார். பதவிக்குச் சந்தனம், கருப்பையா என்று இரண்டு பேர் நின்றார்கள். இருவருமே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள்.

சந்தனத்துக்கு முப்பது வயது இருக்கும். வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வெள்ளைச் சட்டை. பேப்பர் வாசிப்பார். சிங்களம் தண்ணீராகப் பேசுவார். கருப்பையா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் தொண்டையைச் செருமி, மேலே பார்த்து, பிறகுதான் ஆரம்பிப்பார். எனக்கு அதற்குள் இரண்டு தரம் கொட்டாவி வந்துவிடும்.

இருவருக்கும் ஒரே வழக்கைக் கொடுத்தேன். வேலைக்குப் பிந்தி வந்த ஒரு பெண்ணுக்கு அரை நாள் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்க நீங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறீர்கள். இதுதான் பரீட்சை.

சந்தனத்திடம் கத்தினேன். அவர் அசையவில்லை. "தொர சத்தம் போடுறதால சட்டம் மாறிறாதுங்க. எங்க ஆளுக்கு முழுப்பேரு போடுற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டுப் போகமாட்டேன்" என்றார். குடையை ஓங்கினேன். "அடிக்கிறதுன்னா அடிங்க. அதுக்கும் சட்டம் இருக்கு" என்றார். லயமே கைதட்டியது. நானும் வேஷத்தை மறந்து தட்டப்பார்த்தேன்.

கருப்பையாவிடம் கத்தினேன். அவர் செருமிக்கொண்டு, மேலே பார்த்து, "அந்தப் பொம்பள பேரு என்னாங்க?" என்று கேட்டார்.

"பேரா இப்ப முக்கியம்? பதிலச் சொல்லு!" என்றேன், துரைக் குரலில்.

"இல்லீங்க, எந்த லயமுன்னு தெரிஞ்சா, ஏன் பிந்துச்சுன்னு போய்க் கேட்டுட்டு வந்துருவேன்."

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இல்லாத பெண்ணுக்கு லயம் கேட்கிறாரே என்று நானும் சிரித்தேன். கருப்பையா மட்டும் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றார்.

அன்று நான் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். "சந்தனம்: அஞ்சாதவர், சட்டம் அறிந்தவர், தலைவர் பதவிக்கு மிகவும் பொருத்தமானவர். கருப்பையா: நல்லவர், ஆனால் பேசத் தெரியாது." கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லோருடைய கையும் சந்தனத்துக்கு உயர்ந்தது.

4. ஈர மரம்

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சந்தனம் காரியாலயத்துக்கு வந்தார். பின்னால் பாக்கியம் என்ற பெண் தொழிலாளி. கையில் பத்துச்சீட்டு.

தோட்டத்திலிருந்து ஒருவரை நிறுத்துகிறபோது கொடுக்கிற சீட்டு அது. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போய்விடும். பாக்கியத்தின் புருஷன் இறந்து இரண்டு வருடம். மூன்று பிள்ளைகள். மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. போக இடமில்லை.

குற்றம் என்னவென்றால், அவர் கொண்டுவந்த ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருந்ததாம். ஒரு நாளல்ல, மூன்று நாள். ஸ்டோரில் அளந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

"நான் கலக்கலீங்க ஐயா" என்றார் பாக்கியம். "அந்த மூணு நாளும் விடிய விடிய மழ. மரமெல்லாம் நனஞ்சு ஊறிக் கெடந்துச்சு. ஈர மரத்துல வெட்டுனா பட்டையில வழியிற தண்ணியும் சேந்துதானே செரட்டையில விழும்? வெட்டக் கூடாதுங்கன்னு கணக்கப்புள்ளகிட்டச் சொன்னேன். பேசாம வெட்டுன்னாரு. என்னோட மரமெல்லாம் ஓடைக்கரப் பள்ளத்துல. அங்க வெயிலே படாதுங்க. மத்தவங்க மரம் காஞ்சாலும் என்னோடது காயாது."

எனக்கு நாடி பிடித்துப் பார்த்த மாதிரி விஷயம் விளங்கிவிட்டது. ஈர மரத்தில் வெட்டச் சொன்னது யார்? விசாரணையில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். மலையில் நின்று வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டாக வேண்டும். பாக்கியத்தின் மரங்களைப் போய்ப் பார்த்தாக வேண்டும். வழக்கு நம் பக்கம்.

சந்தனத்தை வைத்து ஒத்திகை பார்த்தேன். நான் துரையாகிக் கத்த, அவர் "ஈர மரத்துல வெட்டச் சொன்னது யாருங்க?" என்று திருப்பிக் கேட்க, காரியாலயம் இரண்டுபட்டது. கீழ்மாடிக் கடைக்காரர் ஏறிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சலீம் நானா காதைப் பொத்திக்கொண்டு, "துரை இப்பிடித்தான் கத்துவாரெண்டு ஒங்களுக்கு ஆரு செல்லிய?" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மணி நேரம் ஒத்திகை நடந்தது. பாக்கியம் வாசல் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

5. விசாரணை

விசாரணைக்குத் தோட்டத்து ஆபீசுக்கு மூவரும் போனோம். எனக்கு முதல் நாளிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வழி முழுக்கச் சந்தனத்தின் காதில் "ஈர மரம், ஈர மரம்" என்று ஓதிக்கொண்டே போனேன். அவர் "வுடுங்க ஐயா, நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்தார்.

பெரிய கிளாக்கர் வெளியே வந்து, கிளைத் தலைவர் மட்டும் உள்ளே வரலாம் என்று சொன்னார். நான் வெளி ஆள், எனக்கு அனுமதி இல்லை. பாக்கியம் என் பக்கம் திரும்பினார்.

"நானும் உள்ள வரட்டுங்களா? கேட்டுப் பாப்பமா?"

"வேணாம், நீங்க இங்கயே நில்லுங்க. தலைவர் பேசுவார்" என்றேன்.

சன்னல் திறந்திருந்தது. அந்தச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் காலங்காலமாக ஆட்கள் துரையிடம் பேசுவது வழக்கம். உள்ளே கூப்பிட்டால்கூட மேசைக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். உட்காருவது என்ற பேச்சே கிடையாது. பாக்கியம் வாசலில் நிற்க, நான் சன்னலோரமாக நின்றேன்.

வெள்ளைக்காரத் துரை போய், கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த நம் நாட்டுத் துரை அவர். இளம் வயது. சந்தனம் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்தார்.

"வாங்க தலைவர்" என்றார். மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். "இருங்க."

சந்தனம் கதிரையைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். திரும்பிச் சன்னல் பக்கம் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? அவர் கதிரையின் விளிம்பில் அரைவாசிதான் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

கோப்பையும் பீரிசுமாகத் தேநீர் வந்தது.

"ஒங்களப் பத்திக் கேள்விப்பட்டேன். படிச்ச ஆள். பேப்பரெல்லாம் வாசிப்பீங்களாம். இந்தத் தோட்டத்துக்கு ஒங்கள மாதிரி ஒரு தலைவர் கெடச்சது நல்லது" என்றார் துரை.

"நன்றிங்க தொர."

"இந்தப் பொம்பள விசயம் எனக்கும் கவலைதான். ஆனா ஸ்டோர்ப் புத்தகத்தப் பாருங்க. நீங்களே பாருங்க. மூணு நாளும் தண்ணி. நான் என்ன செய்ய ஏலும்?"

புத்தகத்தைச் சந்தனத்தின் பக்கம் திருப்பி வைத்தார். சந்தனம் குனிந்து பார்த்தார். கேள், இப்போது கேள், ஈர மரம் என்று சொல் என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை என்று இன்றுவரை தெரியாது.

"ஆமாங்க தொர, தெரியிதுங்க" என்றார் சந்தனம்.

"மாசக் கடைசி வரைக்கும் அவங்க காம்பராவுல இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சரிதானே தலைவர்?"

"சரிங்க தொர."

துரை விசாரணை முடிவு எழுதிய தாளை நீட்டி, பேனாவைத் திறந்து கொடுத்தார். சந்தனம் கையெழுத்துப் போட்டார். தேநீரை ஆறும் முன்னே குடித்து முடித்துவிட்டார்.

கால் மணித்தியாலம் ஆகியிருக்காது. வெளியே வந்த சந்தனத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எப்பிடியோ மாசக் கடைசி வரைக்கும் வாங்கிட்டேன் ஐயா" என்றார். அது பத்துச்சீட்டில் ஏற்கனவே எழுதியிருந்த தவணைதான். துரை ஒரு நாள்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை.

கொக்கோ மரங்களுக்கு நடுவே அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன். "ஈர மரம்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சொல்லத்தாங்க போனேன்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "அவரு சத்தம் போட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. சத்தியமா சொல்லியிருப்பேன். 'வாங்க'ன்னாரு. கதிரயப் போட்டாரு. எங்க அப்பாவெல்லாம் அந்தச் சன்னலுக்கு வெளியில கையக் கட்டிக்கிட்டு நின்ன ஆளுங்க. அவ்வளவு மரியாத குடுக்கிறவரு மூஞ்சிக்கு நேரா, ஒங்க கணக்கப்புள்ளதான் தப்புன்னு எப்பிடிங்க சொல்றது? நாக்கு எந்திரிக்கலீங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மீது என்றுதான் சட்டென்று பிடிபடவில்லை. கத்துகிற துரைக்கு மட்டும்தான் நான் பரீட்சை வைத்தேன். கதிரை போடுகிற துரை என் பாடத்திலேயே இல்லை.

பாக்கியம் ஆபீசு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்னாங்க ஆச்சு?" என்று கேட்டார்.

6. மறுபடியும் கை தூக்கினார்கள்

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. தொழில் தகராறுகளை விசாரிக்கிற அரசாங்கத் தொழில் கந்தோருக்கு நடையாக நடந்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க கிளைத் தலைவரே ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரே, பிறகு என்ன விசாரிக்கிறது?" என்றார். துரைக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் மிக மரியாதையாகப் பதில் வந்தது. முடியாது என்பதை அவ்வளவு நயமாக யாரும் எனக்கு எழுதியதில்லை.

சலீம் நானா ஒரு வாரம் பார்த்தார். பிறகு, "தம்பி, அந்தக் குறிப்ப எழுதினது நீங்கதானே? சனத்துக்கு முன்னுக்கு வாசிச்சதும் நீங்க. பிழையெண்டா நீங்களே போய்ச் செல்லுங்க" என்றார்.

போனேன். பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டேன். என் குறிப்பு தவறு, என் பரீட்சை தவறு, தலைவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, புதிதாகத் தேர்தல் வைப்போம், புதுத் தலைவரோடு போய் மறுவிசாரணை கேட்போம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றார். பதவியைக் கேட்டால் கொடுத்துவிடுகிற முகம்தான் அது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது. எங்க தலைவரு தொரைக்கு முன்னால கதிரையில ஒக்காந்தாரு. பீங்கான் கோப்பையில தேத்தண்ணி குடிச்சாரு. இந்தத் தோட்டத்துல இதுக்கு முந்தி எவன் ஒக்காந்தான்? நீங்க சொல்லுங்க. அவர எறக்கச் சொல்றீங்களா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பெண்களும் தட்டினார்கள். நான் பேசப் பேச இன்னும் தட்டினார்கள். கருப்பையாவைப் பார்த்து, "நீங்க நில்லுங்க, கருப்பையா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் செருமிக்கொண்டு எழுந்தார்.

"வேணாங்க. தலைவரு ஒக்காந்ததுல ஆளுங்களுக்கு ஒரு சந்தோசம். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சந்தோசம். அத நான் கெடுக்கக் கூடாதுங்க."

சந்தனத்துக்குக் கை தூக்கச் சொன்னேன். என் உத்தியோக காலத்தில் அவ்வளவு கை ஒரேயடியாக உயர்ந்து பார்த்ததில்லை. சந்தனம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாக்கியம் கதவுக்கு வெளியே நின்றார். அவருடைய பெயரைத் தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் வெட்டிவிட்டார்கள். பெயர் இல்லாதவருக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. அது சங்கத்தின் சட்டம். அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாசித்ததும் நான்தான்.

7. உக்குவளைச் சந்தி

மாதக் கடைசியில் பாக்கியம் பிள்ளைகளோடு நாலந்தா பக்கம் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே அவருடைய தம்பி, யாரோ ஒருவருடைய தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலையில் இருந்தாராம். ஒரு குடிசை. அதில் ஏற்கனவே ஆறு பேர்.

மாத்தளைக்குப் போய் பஸ் மாறுவதற்காக உக்குவளைச் சந்தியில் நின்றார்கள். இரண்டு சாக்கு மூட்டை, ஒரு தகரப் பெட்டி, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பெட்டியின் மேல் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தது. நான் எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா, சமாதானம் சொல்லவா? வழக்கை இன்னும் விடவில்லை, மேலே எழுதுகிறோம் என்று ஏதோ உளறினேன்.

பாக்கியம் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குத் தேவலை. சாதாரணமாகத்தான் பேசினார்.

"ஐயா, அன்னைக்கு நான் ஆபீசு வாசல்லதான் நின்னேன். பத்தடிகூட இருக்காது. என்னைய உள்ள வுட்டிருந்தா, எந்த மரம், எந்த ஓட, எத்தன மணிக்கு வெட்டச் சொன்னாரு, எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். தலைவருக்குக் கதிர போட்டாங்க, அவருக்குக் கூச்சம். எனக்கு என்னாங்க கூச்சம்? தொர வாங்கன்னு கூப்பிட்டாலும் சொல்லியிருப்பேன், போன்னு வெரட்டுனாலும் சொல்லியிருப்பேன். எடமில்லாமப் போறது நான்தானே."

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் சிங்களத்தில் "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். மூட்டையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்:

"யார் தலைவரா இருந்திருந்தா உங்கள உள்ள கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க? சந்தனமா, கருப்பையாவா?"

படியில் ஒரு காலை வைத்தபடி பாக்கியம் திரும்பிப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. உள்ள வரட்டுமான்னு நான் ஒங்ககிட்டத்தான் கேட்டேன்."

பஸ் போய்விட்டது.

8. கடைசியாக

அந்தத் தோட்டத்துக்குப் பிறகு துரை வேஷம் போடவில்லை. தகுதிக் குறிப்பு எழுதும் வேலை மட்டும் ஓய்வு பெறும் வரைக்கும் என்னோடு இருந்தது. நிற்கிறவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் லயம் லயமாகப் போவேன். வேலை போனவர், பேர் வெட்டுப்பட்டவர், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயாவோடு தகராறு உள்ளவர் என்று தேடிப் பிடித்து, உங்கள் காரியமாக யார் போனால் உங்களையும் கூட்டிக்கொண்டு போவார் என்று கேட்பேன். யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். நான் நினைத்துப் போன பெயராக அது பெரும்பாலும் இருக்காது.

சந்தனத்தைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் பிற்காலத்தில் இருந்தார்கள். நான் சேர்ந்து சொன்னதில்லை. நான்கு வருடம் அவர் தலைவராக இருந்தார். அந்த ஆபீசில் அவர் மறுபடி உட்காரவில்லை என்று கேள்விப்பட்டேன். துரை எத்தனை தரம் சொன்னாலும் நின்றுகொண்டுதான் பேசுவாராம்.

யார் தகுதி என்று தேர்தல் காலத்தில் இளைஞர்கள் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். மேடையில் பேசுகிறவரை விட்டுவிட்டு, அவருடைய வாசலில் யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள் என்று சொல்கிறேன். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு பெண்ணின் காம்பரா போயிற்று. அவரை வெளியே நிறுத்தியது துரையில்லை, சந்தனமில்லை. "வேணாம், நீங்க இங்கயே நில்லுங்க" என்று சொன்னவன் நான்.